நீலச் சட்டையும் ஒரு கோப்பைத் தேநீரும்

"கப்பல்ல நல்லா ரெஸ்ட் எடுத்தியா?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் என்னோடு கணக்கர் வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். மகளின் பாலர் பள்ளி ஆசிரியை கேட்டார். புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டு வாசலுக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் ரொட்டி கொண்டுவருபவர்கூட ஹாரனை அழுத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எல்லோரிடமும் "ஆமாம்" என்று சொன்னேன். அவர்கள் போன பிறகு, பொய் சொல்லிவிட்டேனோ என்று யோசித்தேன். "இல்லை" என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்தானோ என்று அதற்குப் பிறகு யோசித்தேன்.

கப்பலில் போக நான் ஆசைப்பட்டவள் அல்ல. எனக்கு இருந்த ஆசை சிறியது. மகள் பிறந்த இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு கோப்பைத் தேநீரையும் நான் சூடாகக் குடித்து முடித்ததில்லை. ஊற்றி வைப்பேன், யாராவது கூப்பிடுவார்கள். திரும்பி வந்தால் மேலே ஆடை படிந்திருக்கும். மைக்ரோவேவில் சுடவைத்து, அதை உள்ளேயே மறந்து, மறுநாள் காலையில் கண்டுபிடிப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல், முதல் மிடறு முதல் கடைசி மிடறு வரை ஒரு தேநீர். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"அதுக்குத்தான் சொல்றேன், வா," என்றார் கணவர். "கப்பல்ல சமையல் இல்ல, துவைக்கிறது இல்ல. பிள்ளைங்கள பாத்துக்கக்கூட தனி ரூம் இருக்காம். நீ கடலப் பாத்துக்கிட்டு டீ குடி லா. ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

இதை நம்பித்தான் சம்மதித்தேன்.

கணவரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். செமிலிங்கில் இருக்கிறார். இதுவரை ஐந்து முறை கப்பலில் போய்வந்தவர் என்பதால் எங்கள் குடும்பத்தில் கடல் தொடர்பான எல்லா விஷயங்களுக்கும் அவரே அதிகாரி. பினாங்கிலிருந்து புறப்பட்டுத் திரும்பும் ஏழு இரவுப் பயணம் அது. எங்களில் பத்தொன்பது பேர் போகிறோம் என்று முடிவானதும் அவர் வீட்டில் ஞாயிறுதோறும் பாடம் நடந்தது.

"பஃபேல சோறு எடுக்காதீங்க. சோறு வீட்லயே இருக்கு. அங்க போயி ஏன் சோறு?" இது முதல் பாடம். கப்பல் ஆடினால் தூரத்தில் அசையாத ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது. "கடல்ல அசையாதது என்ன அண்ணி இருக்கு?" என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னையப் பாரு," என்றார்.

நான் வீட்டிலும் தனியாகத் தயாரானேன். இஞ்சி மிட்டாய், தைல பாட்டில், மூன்று வகைக் காய்ச்சல் மருந்து, பிளாஸ்டர், ஈரத்துடைப்பான் எல்லாவற்றையும் இடுப்பில் கட்டும் பைக்குள் அடைத்தேன். மகளுக்கு மிதவைச் சட்டை வாங்கினேன். கப்பலிலேயே கொடுப்பார்கள் என்று கணவர் சொன்னார். அவளுடைய அளவுக்கு இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். பழகட்டும் என்று போட்டுவிட்டதை அவள் ஒரு வாரம் கழற்றவில்லை. அதோடு சாப்பிட்டாள், அதோடு கார்ட்டூன் பார்த்தாள். ரொட்டிக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, "வெள்ளம் வருதா?" என்று என்னிடம் கவலையோடு விசாரித்தார்.

பிறகு சட்டை வந்தது. எங்கள் பக்கத்தில் குடும்பமாகக் கேமரன் மலைக்குப் போனாலும் ஒரே நிறத்தில் சட்டை அடித்துக்கொண்டுதான் போவோம். கப்பலுக்குச் சும்மா விடுவோமா? அண்ணி சுங்கை பட்டாணியில் ஒரு கடையில் சொல்லி, ஆளுக்கு மூன்று சட்டைகள் தைக்க வைத்தார். மயில் நீலம், வெள்ளைக் காலர், இடது மார்பில் சின்ன நங்கூரம். உண்மையிலேயே அழகாக இருந்தது.

"டிசைன் எங்க எடுத்தீங்க அண்ணி?"

"போன தடவ எடுத்த போட்டோல இருந்துச்சு. எனக்குப் பின்னால ஒருத்தி நின்னா பாரு, எவ்வளவு ஸ்மார்ட்டா போட்டிருந்தா! அத அப்படியே கடைக்காரன்கிட்ட காட்டிட்டேன்."

பின்னால் நின்றவள் யார் என்று எங்கள் பத்தொன்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை யோசிக்கும் நானும் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக மகளை உட்காரவைத்து, "கூட்டத்துல தொலைஞ்சு போனா அழக் கூடாது. நீலச் சட்டை போட்டவங்ககிட்ட போ," என்று தினமும் ஒப்பிக்கச் செய்தேன்.

புறப்படும் நாளில் வேனின் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். அதுவரை சரி. பினாங்குத் துறைமுகத்தில் அண்ணியின் கைப்பையிலிருந்து இன்னும் நான்கு பழங்கள் வெளியே வந்தன.

"அக்கா, கப்பலுக்கு டயர் எங்க இருக்கு?" என்றார் கணவர்.

அண்ணி ஒரு நொடிதான் தடுமாறினார். "சூட்கேஸுக்கு இருக்குல்ல? அதுக்கும் நாலு சக்கரந்தான்."

சூட்கேஸ் சக்கரம் பழத்தை நசுக்காது என்று அன்று தெரிந்துகொண்டோம். சூட்கேஸ் ஏற மறுத்தது, பழங்கள் உருண்டன. ஒன்று பாதுகாவலரின் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்து, "மக்சிக், ஜூஸ் போடவா?" என்று மலாயில், பெரியம்மாவைக் கூப்பிடும் மரியாதையோடு கேட்டார். அண்ணி அதை வாங்கி, மற்றப் பழங்களோடு சேர்த்துத் தன் செருப்பாலேயே மிதித்து முடித்தார். என் சூட்கேஸுக்குப் பழம் மிஞ்சவில்லை. அடுத்து நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று அவர் இன்றும் சொல்கிறார்.

கப்பலில் ஏறிய முதல் மாலை. மகளைக் குழந்தைகள் அறையில் விட்டேன். அவள் அழவில்லை. வாசலில் நின்ற பணிப்பெண்ணைப் பார்த்து, "நீலச் சட்டை!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். நான்தான் கொஞ்சம் அழுதேன். பிறகு நீச்சல் குளத் தளத்தில் தேநீர் எடுத்துக்கொண்டு, கடல் தெரியும் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனேன்.

"மிஸ், துவாலா?"

வயதான சீன அங்கிள் ஒருவர், குளத்திலிருந்து ஏறிச் சொட்டச் சொட்ட நின்றார். துண்டு கேட்கிறார். என்னிடம் ஏன் கேட்கிறார் என்று சுற்றிலும் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. துண்டு கொடுக்கும் இடத்தில் இருந்தவள், குளிர்பானம் ஏந்திப் போனவன், நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தவள் எல்லோரும் மயில் நீலம், வெள்ளைக் காலர், இடது மார்பில் நங்கூரம்.

"நான் இங்கே வேலை செய்யவில்லை" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அங்கிள் நடுங்கிக்கொண்டிருந்தார். விளக்கம் சொல்லும் நேரத்தில் துண்டு கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. எழுந்து போய், என் அறை அட்டையைக் காட்டி, ஒரு துண்டு வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்தால் தேநீர் ஆறியிருந்தது.

மறுநாள் அங்கிள் தன் மனைவியோடு வந்து, "திஸ் மிஸ் வெரி குட்," என்று என்னை அறிமுகப்படுத்தினார். மூன்றாம் நாள் அவர்களுடைய நண்பர்கள் வந்தார்கள். இடுப்புப் பையில் தைலம் இருப்பது எப்படியோ பரவி, தலைசுற்றல் உள்ளவர்களும் வந்தார்கள். கழிவறை எங்கே, நடன நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, நூடுல்ஸ் எந்தத் தளத்தில் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பயணத்துக்கு முன்பே கப்பலின் வரைபடத்தை நான்கு முறை படித்திருந்தேனே.

"நம்ம ரூம் கார்டுல பதினோரு துண்டு எடுத்திருக்காம்," என்று கணவர் குழம்பினார். "நாம என்ன, துணி வெளுக்கிற கடையா வச்சிருக்கோம்?"

நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்களும் இதே சட்டதான் போட்டிருக்கீங்க. உங்ககிட்ட யாரும் கேக்கலியா?"

"கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன், போயிட்டாங்க. சட்டையில ஒண்ணும் இல்ல லா. உன் மூஞ்சிதான். எவன் கேட்டாலும் எந்திரிச்சிருவேன்னு எழுதி ஒட்டியிருக்கு."

அப்படியானால் சட்டையை மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு மஞ்சள் சட்டை போட்டுப் பார்த்தேன். சிற்றுண்டி மேசையில் அண்ணி, "குடும்பத்தோட சேர மனசில்லன்னா சொல்லிரு மா," என்று எல்லோருக்கும் கேட்கும்படி வருத்தப்பட்டார். தவிர, மகளுக்கு நீலச் சட்டை என்று சொல்லிக்கொடுத்தது நான். நானே மாற்றினால் அவள் குழம்பிவிட மாட்டாளா? மீண்டும் நீலத்துக்கே மாறினேன். மகள் குழம்பியிருக்க மாட்டாள் என்பது இப்போது தெரிகிறது. கப்பலில் இருந்த அத்தனை நீலச் சட்டைகளிடமும் அவள் கேட்டதெல்லாம் கிடைத்தது. என்னைத் தேடவே இல்லை. என் முன்னேற்பாடுகளில் முழு வெற்றி பெற்றது அது ஒன்றுதான்.

நான்காம் நாள், ஈரத் துண்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, கிடந்தன, எடுத்தேன். துண்டு கொடுக்கும் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தோனேசியாவில் சுராபாயாக்காரி, என் வயதுதான் இருக்கும்.

"அக்கா," என்றாள் மலாயில், "உங்களுக்கு இங்கே எத்தனை மாதக் கான்ட்ராக்ட்?"

கேலி செய்கிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. நான் பயணி என்று அவளுக்கு முதல் நாளே தெரியுமாம். தன் வேலை பாதியாகக் குறைந்ததால் சொல்லவில்லையாம். இருவரும் சிரித்தோம். அவளுக்கும் ஒரு மகள், ஊரில் தங்கை வீட்டில் வளர்கிறாள். பேசிக்கொண்டிருந்தபோதே கடிகாரத்தைப் பார்த்தாள். "என் ரெஹாட் வந்துவிட்டது," என்று துண்டு கொடுக்கும் இடத்தின் பலகைக் கதவைச் சாத்தினாள். ஓய்வு நேரத்தை மலாயில் அப்படித்தான் சொல்வோம். "பதினைந்து நிமிடம். கேப்டனே துண்டு கேட்டாலும் கிடையாது. நீங்கள் எப்போது ரெஹாட் எடுப்பீர்கள்?"

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் மதியம் தேநீர் எடுத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். பெரிய தொப்பி அணிந்த ஒரு பெண்மணி வந்து ஐஸ் கேட்டார். உடம்பு பாதி எழுந்துவிட்டது. அப்போது என் வாய் தானாகச் சொன்னது.

"மன்னிக்கவும் மேடம். இது என் ரெஹாட் நேரம்."

அவர் பதறிப்போனார். "ஐயோ, சாரி சாரி, நீங்க குடிங்க," என்று ஆங்கிலத்தில் சொல்லி, கையைக் காட்டி உட்காரவைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து போனார்.

நான்கு ஆண்டுகளில் என் தேநீரில் குறுக்கிட்டதற்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் முறை. முதல் மிடறு நாக்கைச் சுட்டுவிட்டது. சூடான தேநீரை ஊதிக் குடிக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. ஊதிக் குடித்தேன். கடல் ஒன்றும் செய்யாமல் இருந்தது. நானும் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். கோப்பையின் அடிவரை போனேன்.

அப்போது அண்ணி வந்தார். "என்னடி சும்மா உக்காந்திருக்க? பசியாறிட்டியா? இந்தப் பையக் கொஞ்சம் ரூம்ல வச்சிட்டு வா."

"அண்ணி, இப்ப எனக்கு ரெஹாட்."

"என்ன ரெஹாட்? நீ என்ன இங்க வேலையா பாக்குற?"

பையை வாங்கிக்கொண்டு எழுந்தேன். கோப்பை காலியாகத்தான் இருந்தது.

வீடு திரும்பியதும், இந்த வித்தை இங்கேயும் பலிக்குமா என்று ஒரு சனிக்கிழமை பரிசோதித்தேன். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தேநீரோடு வாசல் படியில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு இப்ப ரெஹாட்," என்று அறிவித்தேன். மகள் சட்டையைப் பார்த்ததும் முகம் மலர, "ஐஸ்கிரீம் வேணும், துண்டு வேணும், அப்புறம் முகத்துல பூனை வரைங்க," என்றாள். பூனை வரைந்து முடிப்பதற்குள் ஆடை படிந்துவிட்டது.

இப்போது அண்ணி பதினான்கு இரவுப் பயணம் ஒன்றைப் பிடித்திருக்கிறார். குடும்பக் குழுவில் சட்டை அளவு கேட்டுச் செய்தி வந்திருக்கிறது. அதே நிறம், அதே நங்கூரம். "போன தடவ எல்லாரும் நம்மள எவ்வளவு மதிச்சாங்க!" என்று கீழே எழுதியிருக்கிறார். நான் 'எம்' என்று தட்டினேன், அழித்தேன். 'நான் வேறு நிறம் போடலாமா அண்ணி' என்று தட்டினேன், அதையும் அழித்தேன்.

என் குழப்பம் இதுதான். சட்டை போட்டால் கப்பல் முழுவதற்கும் வேலை செய்வேன், ஆனால் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்கத் துணிவு வரும். போடாவிட்டால் நான் வெறும் அம்மா, மருமகள். அந்த வேலைகளில் ரெஹாட் எத்தனை மணிக்கு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அளவு சொல்ல வேண்டும். என்ன எழுதட்டும்? சீருடை எதுவும் இல்லாமலேயே, சொந்த வீட்டு ஆட்களிடம் "இப்போது முடியாது, தேநீர் குடிக்கிறேன்" என்று சொல்லி, சொன்ன பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அதை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். முகத்தை எப்படி வைத்துக்கொண்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.