நாத்தனாருக்கும் போன செய்தி

ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அவளை 'வலிக்காத அக்கா' என்பார்கள். பரிசோதனைக்கூடத்தில் அவள் கைக்கு அப்படி ஒரு பெயர். வீட்டில் பெயர் ஒன்றும் கிடையாது, வேலைதான். மாமியாருக்குக் கட்டி எடுத்ததிலிருந்து மாத்திரை, குளியல், டாக்டர் எல்லாம் அவள் தலையில். கணவன் லாரி ஓட்டுகிறவன். வீடு தங்குவது அபூர்வம்.

அவளைப் புதிய சமூக வலைத்தளத்துக்கு இழுத்து வந்தது நாத்தனார். பழைய தளத்துக்கு ஒரே முதலாளி. இதில் யார் யாரோ தனித்தனியாக சர்வர் நடத்துகிறார்கள். எந்த சர்வரில் இருந்தாலும் மற்றதில் இருப்பவரோடு பேசலாம்.

"லைக் எங்க இருக்கு?"

"இங்க நட்சத்திரம், அண்ணி. அதை அழுத்தினா பரவாது. நாலு பேர் பாக்கணும்னா பூஸ்ட் பண்ணணும், அதாவது நீங்களும் பகிரணும்."

"என் பேருக்குப் பின்னால என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கே?"

"அது உங்க சர்வர் பேரு. தெருப் பேர் மாதிரி."

"வேற தெருவுக்குப் போனா?"

"உங்களைப் பின்தொடர்றவங்க கூடவே வருவாங்க. எழுதினதெல்லாம் பழைய இடத்துலயே கிடக்கும்."

"உங்கண்ணன் குடித்தனம் மாதிரி. சாமான் இங்க, ஆள் அங்க."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாத்தனாருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, புறப்படும் சமயத்தில் மாமியாரின் ரிப்போர்ட் வந்தது. கட்டி திரும்ப வந்திருந்தது. "அவ ஃப்ளைட் ஏறட்டும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது" என்றாள் மாமியார்.

சாப்பாட்டு இடைவேளையில், மருமகள் மனசு தாங்காமல், முன்பு கூட வேலை பார்த்த தோழிக்குத் தனிச்செய்தி எழுதினாள். அத்தைக்குத் திரும்ப வந்துவிட்டது, இவளிடம் சொல்லாமல் அனுப்புவது பாவமில்லையா என்று. 'இவள்' என்கிற இடத்தில், பழைய தளத்துப் பழக்கத்தில், நாத்தனாரின் கணக்குப் பெயரையே தட்டினாள். அங்கே அது வெறும் நீல எழுத்து, பெயருக்குரியவருக்குத் தெரியாது. இங்கே தனிச்செய்திக்கென்று தனிப்பெட்டி இல்லை. அதுவும் ஒரு பதிவுதான். அதில் யார் யார் கணக்குப் பெயர் இருக்கிறதோ, அவர்கள் எல்லோருக்கும் போகும்.

"ஐயோ, அவளையும் சேர்த்துட்டியே!" என்று தோழி பதில் போட்ட பிறகுதான் உறைத்தது. உடனே அழித்தாள். அதற்குள் நாத்தனார் படித்துவிட்டாள்.

சாயங்காலம் நாத்தனார் வந்து வாசலிலேயே நின்றாள்.

"அண்ணி, அது எனக்கு எழுதினதா, என்னைப் பத்தி எழுதினதா?"

"உன்னைப் பத்தித்தான்."

"அதானே. எனக்கு எழுத உங்களுக்கு மனசு வரலை."

உள்ளறையிலிருந்து மாமியார் குரல் வந்தது. "வாயைத் திறக்காதேன்னா, கை மட்டும் பேசலாம்னு நெனச்சியா?"

"அவங்களை ஏன் திட்டுற? என்னை ஏமாத்தி அனுப்பப் பாத்தது நீ" என்று மகள் உள்ளே போனாள்.

வேலையில் சேரும் தேதியை ஒருமுறை தள்ளிவைக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. சிகிச்சை தொடங்கியது. மாமியார் மருமகளிடம் பேசவில்லை. மாத்திரைக்குக் கையை மட்டும் நீட்டினாள்.

அடுத்த பரிசோதனைக்கு மூவரும் போனார்கள். ரத்தம் எடுத்ததும் மருமகள்தான், மெஷினில் கட்டியைக் காட்டும் எண்ணைப் பார்த்ததும் அவள்தான். போனை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, இருவருக்கும் எதிரில் உட்கார்ந்தாள்.

"குறையலை, அத்தை."

"ஏறியிருக்கா?"

"கொஞ்சம்."

மாமியார் மகள் பக்கம் திரும்பினாள். "நீ போகப்போறதில்லை, அப்படித்தானே?"

"ஆமா."

"சரி, எழுந்திரு. டாக்டர் கிளம்பிடுவாரு."