நாட்றாம்பாளையம் வரை செல்வியை உட்கார வைத்துப் பார்த்த கார்

செல்விக்கு முதுகில் டிஸ்க் விலகிப் பதினாலு மாதம் ஆகிறது. என் மனைவிதான். அதற்கு முன்னால் மாதம் ஒரு ஞாயிறு, பைக்கில் புளிசோறு கட்டிக்கொண்டு காடு, அணை என்று கிளம்பிவிடுவோம். இப்போது அவள் போகிற ஒரே சுற்றுலாத் தலம் எக்ஸ்ரே எடுக்கிற இடம். சின்னதாக ஒரு கார் வாங்கினால் மறுபடியும் கூட்டிப்போகலாமே என்றுதான் போன ஞாயிறு இந்தப் பயணம். அதற்கு முந்தைய வாரம் பூராவும் எனக்கு நைட் ஷிப்ட். கண் இரண்டிலும் மணல் கொட்டியது மாதிரி இருந்தது.

கூட வேலை செய்கிற மஞ்சுநாத் தன் பழைய காரை விற்கிறான். தாழ்வான, பளபள வண்டி. எங்கள் கம்பெனியில் கார் பார்க்க ஒரு முறை உண்டு. ஷிப்ட் முடிந்ததும் ஆம்பளைகள் நாலு பேர் ஏறி, ஹைவேயில் சூளகிரி வரை விரட்டி, டீ குடித்துத் திரும்புவோம். பிக்கப், ஏசி, மைலேஜ் என்று ஆளுக்கொரு தீர்ப்பு. நானும் அப்படியே பார்த்து பாஸ் போட்டுவிட்டேன். அந்த ரோட்டில் கட்டிலுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டினாலும் நன்றாகத்தான் போகும்.

"உக்காரப் போறது நானா, உங்க ஷிப்ட்டா?" என்றாள் செல்வி.

நியாயம். மஞ்சுநாத்திடம் ஒரு நாளைக்குச் சாவி வாங்கினேன். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லிடுண்ணா, கிருஷ்ணகிரி பார்ட்டி ஒருத்தர் கேட்டுனு இருக்காரு" என்றான்.

காலை 7.10க்கு ஓசூரில் கிளம்பினோம். பெட்ரோல் 800 ரூபாய்க்கு. பாய், தண்ணீர் கேன், சோற்றுத்தூக்கு எல்லாம் டிக்கியில் அடங்கின. அதில் குறை சொல்ல முடியாது. 8 மணிக்குத் தேன்கனிக்கோட்டை, மீட்டரில் 26 கிலோமீட்டர். அது வரை செல்வி பாட்டு முணுமுணுத்தாள். காட்டு ரோட்டில் வளைவு தொடங்கியதும் பாட்டு நின்றது. யானை நடமாடுகிற இடம், நிறுத்தவும் கூடாது. வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டி அடிவயிறு உரசியது. அவள் கைப்பிடியை இறுக்கினாள்.

"வலிக்குதா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. எனக்கு வலிச்சா உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறேன்?"

9.20க்கு அஞ்செட்டி. 10.05க்கு நாட்றாம்பாளையம். மொத்தம் 64 கிலோமீட்டர்.

டீக்கடை முன்னால் நிறுத்தினேன். செல்வியால் இறங்க முடியவில்லை. சீட் அவ்வளவு பள்ளம். கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரிதான் ஏற வேண்டும். இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். "அய்யோ, விடுங்க!" என்றாள். விட்டேன். டீ காருக்குள்ளேயே போனது, பன்னிரண்டு ரூபாய்.

பக்கத்தில் ஊர் ஆட்களை ஏற்றி இறக்குகிற பழைய வண்டி ஒன்று நின்றது. பெட்டி மாதிரி உயரமாக, அழகே இல்லாமல். அதன் டிரைவர் எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

"காலு ரெண்டையும் மொதல்ல வெளிய போடுக்கா. அப்புறமா எந்திரி."

அப்படியும் இப்படியும் ஒருவழியாக இறங்கினாள். "இதுல ஒருக்கா உக்காந்து பாரேன்" என்று தன் வண்டிக் கதவைத் திறந்தார். செல்வி குனியவே இல்லை. இடுப்பைச் சாய்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். இறங்கினாள். திரும்ப உட்கார்ந்தாள். மூன்றாவது தடவையும் உட்கார்ந்தபோது டிரைவர், "அக்கா, எனக்குச் சவாரி இருக்குது" என்று சிரித்தார்.

புளிசோற்றை அங்கேயே மரத்தடியில் தின்றுவிட்டு, ஒரு மணிக்கு ஊர் திரும்பக் கிளம்பினோம். செல்வி பின்சீட்டில் படுத்துக்கொண்டாள். 4.15க்கு வீட்டு வாசல். எழுப்ப எனக்கும் சக்தியில்லை, எழுந்திருக்க அவளுக்கும் இல்லை. வாசலிலேயே காரில் கிடந்தோம். எதிர்வீட்டுக்காரர், "டூர் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு மஞ்சுநாத் பைக்கில் வந்தான்.

"என்னண்ணா, வண்டி சூப்பரா?"

"மொதல்ல உங்க அண்ணிய எறக்கு, அப்புறம் சொல்றேன்."

கதவைத் திறந்தான். செல்வியின் காலை மெதுவாக வெளியே நகர்த்தினான். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்தான், தன் முட்டியை அவள் முட்டிக்கு எதிரே முட்டுக் கொடுத்தான். "மூச்ச இழுங்க அண்ணி... இப்ப விடுங்க." ஒரு முனகல்கூட இல்லாமல் செல்வி நின்றாள்.

"நர்ஸ் வேலை எங்கடா கத்துக்கிட்ட?" என்றேன்.

"எங்கம்மாவ இதுலருந்து தெனமும் இப்டித்தாண்ணா எறக்கறேன். மூட்டுவலி." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அதான் விக்கிறியா?"

தலையைச் சொறிந்தான். எனக்குக் கோபம்கூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. சாவியை அவன் கையில் வைத்தேன்.

வெளியூர் சுற்றக் கார் தேடுகிறவர்களுக்கு: சீட்டு உயரத்தை உங்கள் இடுப்போடு வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் தரையிலிருந்து தள்ளி இருக்கட்டும். வாரம் பூராவும் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு மலை ரோட்டில் ஓட்டாதீர்கள். நான் செய்தது தப்பு. ஹைவேயை நம்பாதீர்கள். வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவரை மூன்று தடவை ஏற்றி இறக்கிய பிறகு விலை கேளுங்கள்.

இப்போது நானும் மஞ்சுநாத்தும் உயரமான வண்டியாகப் பார்க்கிறோம், ஆளுக்கு ஒன்று. இந்த ஞாயிறு சூளகிரியில் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். செல்வியும் அவன் அம்மாவும் ஆட்டோவில் வருகிறார்கள். தீர்ப்பு அவர்களுடையது.