அம்சவல்லியின் சிவப்புப் புள்ளி

அம்சவல்லி ஒட்டுப்பட்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிய பிறகுதான் நோயாளியின் உடம்பில் ஒட்டுகிறார். முதுகில் மூன்று, மார்பில் மூன்று. "ஜில்லுனு பட்டா ஒடம்பு திடுக்குனு ஆயிடும்ங்க" என்கிறார். நர்சுகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இவர் அவர்களைப் பார்ப்பதே இல்லை.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் இதயத்துக்கு வரைபடம் போடுவது இவருடைய வேலை. சீராகத் துடிக்கவேண்டிய இதயத்தில் சிலருக்கு ஏதாவதொரு மூலை முந்திரிக்கொட்டையாய் முந்திக்கொண்டு துடிக்கும். டாக்டர் நாகநாதன் தொடை வழியாக மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி, இதயச் சுவரை ஒவ்வோர் இடமாகத் தொடுவார். தொட்ட இடமெல்லாம் அம்சவல்லியின் திரையில் புள்ளியாக விழும். முதலில் துடிக்கிற இடம் சிவப்பு, கடைசியில் துடிப்பது ஊதா. அந்தச் சிவப்பைச் சூடுவைத்துப் பொசுக்கினால் நோய் தீர்ந்தது. ஆனால் தப்புத்துடிப்பு வந்தால்தான் படம் போடமுடியும்.

அம்சவல்லி பூதலூர்க்காரர். அப்பா காத்தான் கூலிக்கு நாற்றுப் பறித்து இவரைப் படிக்கவைத்தார். டாக்டர் "போதும்மா" என்றால் "இன்னும் நாலு புள்ளி சார்" என்பார். அந்த நாலு நாற்பதில்தான் முடியும்.

இவர் வேலையைப் பார்க்க நான் போயிருந்த அன்று மேசையில் படுத்திருந்தவர் மன்னார்குடிப் பக்கத்துக் காளியம்மாள். நடவு வயலில் இரண்டுமுறை மயங்கி விழுந்தவர். இரண்டாம்முறை முகம் சேற்றில் புதைந்துவிட்டது. பக்கத்தில் ஆள் இருந்ததால் பிழைத்தார். அடுத்தமுறையும் ஆள் இருக்கும் என்று யார் சொல்லமுடியும்?

ஒரு மணி நேரமாகியும் தப்புத்துடிப்பு ஒன்றுகூட வரவில்லை. ஐந்து நாளைக்கு முன்பே துடிப்பை அடக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அம்சவல்லி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்தபடி மைக்கில் விசாரித்தார்.

"நிறுத்தத்தான் செஞ்சேன் தாயி. நெஞ்சுக்குள்ள கம்பி விடப்போறாங்களே, தொணையா இருக்கட்டும்னு காலையில ரெண்டு போட்டுக்கிட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டாக்டர் துடிப்பைக் கிளப்பும் மருந்தை ஏற்றிப் பார்த்தார். ஊகூம். "எடுத்துடலாம்மா, இன்னொரு நாள் வரட்டும்" என்றார்.

"அதுவரைக்கும் வயல்ல எறங்காம இருக்கமாட்டாங்க சார். பத்து நிமிஷம் குடுங்க." அம்சவல்லி மறுபடி மைக்கை இழுத்தார். "எந்த வயல்ல விழுந்தீங்க அத்தை?"

"அந்தக் குழாய் பதிச்ச வயல்லதான்."

திரையில் ஒரு துடிப்பு கோணலாக எழுந்தது. அம்சவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு பதிச்சா?"

"கம்பெனிக்காரன். கதிர் வர்ற நேரத்துல மிஷினை எறக்கிட்டான். எம் மாமனாரு பண்ணையில அடிபட்டு, கொடி புடிச்சு வாங்குன மூணு மா நெலம் தாயி அது."

கோணல்கள் வரிசையாக வந்தன. டாக்டர் கம்பியை நகர்த்த நகர்த்தப் புள்ளிகள் விழுந்தன. காளியம்மாளின் குரல் தணிந்ததும் துடிப்பும் சீரானது. இன்னும் சிவப்பு வரவில்லை.

"குழாய் பதிக்க நீங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டதா பேசிக்கிறாங்களே அத்தை?"

"எவன் சொன்னான்? அவன் நாக்குல புழு வைக்க."

எனக்குச் சங்கடமாக இருந்தது. கேட்டவர் முகமும் கறுத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் விடவில்லை, இன்னும் இரண்டுமுறை கையெழுத்தைப் பற்றிக் கேட்டார். ஐம்பத்திரண்டாவது புள்ளி சிவப்பாக விழுந்தது. "இங்கதான் சார்." டாக்டர் சூடுவைத்தார்.

அரை மணி காத்திருந்து, மறுபடியும் அதே கேள்வி. காளியம்மாள் முன்னைவிடக் கடுமையாக வைதார். திரையில் துடிப்பு துளியும் பிசகாமல் ஓடியது.

கம்பியை எடுத்தபின் அம்சவல்லி உள்ளே போய் மேசையருகே நின்றார்.

"கையெழுத்துனு யாரும் சொல்லல அத்தை. நாந்தான் கட்டிவிட்டேன்."

அம்சவல்லி குனிந்து, காளியம்மாளின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் இரண்டு போட்டுக்கொண்டார்.