எனக்கும்தான் முதலாளி!

முத்தியால்பேட்டை ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். முன்பெல்லாம் சாப்பாட்டு வேளை தவிர பாத்ரூம் போக முதலாளி விடமாட்டார். அதனால் தண்ணீரே குடிக்கமாட்டேன். ஒருநாள் சிறுநீர் நெருப்பாய் எரிந்தது, காய்ச்சலும் வந்தது.

சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "கிருமித் தொற்று. எரிச்சல் நின்னாலும் ஆன்டிபயாடிக்கை பாதியில விட்டுடாதீங்க. தண்ணி குடிங்க, அடக்கி வைக்காதீங்க" என்றார்.

வேலைக்குத் திரும்பியதும் முதலாளி எதிரே போய் நின்றேன். கூச்சம் ஒரு பக்கம், வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம்.

"மாத்திரை சாப்பிடுறேன் முதலாளி. ஆனா அடக்கி வெச்சா மறுபடியும் வந்துடும். வேணும்ங்கறப்போ போக விடணும்."

பின்னாலிருந்து புடவைப் பிரிவு செல்வி, "எனக்கும்தான் முதலாளி!" என்றாள். மற்ற பெண்களும் வந்து நின்றார்கள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "போயிட்டு வாங்கம்மா. யாரையும் கேக்க வேணாம்."

மாத்திரையை முழுதாக முடித்தேன், குணமானது. புதிதாகச் சேரும் பெண்ணுக்குப் பாத்ரூமைக் காட்டுவது இப்போது நான்தான். அதில் எனக்கு ஒரு தனிப் பெருமை.