காக்காவுக்கு ஒரு கூப்பன்

எங்கள் குடும்பம் ஒரே ஒரு முறைதான் தீம் பார்க் போயிருக்கிறது. அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் நைனா, "அங்க இன்னா இருக்குது, தண்ணியும் கூட்டமும்" என்று பேச்சை மாற்றிவிடுவார். எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்கு ஒரு செல்போன் வரத் தொடங்கியிருந்த காலம். கவரைப்பேட்டையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தோம். நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி மில்லில் வேலை. நைனா, அம்மா, நான், சித்தி என்று வீட்டில் நாலு பேர். சித்தி என்றால் நைனாவுடைய தம்பியின் மனைவி. சித்தப்பா இல்லை.

இல்லை என்றுதான் வீட்டில் சொல்வார்கள். செத்துவிட்டார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பா அதே மில்லில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் அவர் தூக்கிய இரும்பு நழுவிக் கீழே நின்ற ஆள்மேல் விழுந்துவிட்டது. அந்த ஆள் பிழைக்கவில்லை. அதன் பிறகு சித்தப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அவருடைய சைக்கிளும் சட்டையும் பழவேற்காடு ஏரிக்கரையில் கிடந்தன. மீன் பிடிக்கிறவர்கள் படகு போட்டுத் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. வருஷம் திரும்பியதும் பெரியவர்கள் கூடிப் பேசிக் காரியம் செய்துவிட்டார்கள். சித்தி பொட்டை அழித்துக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள்.

அமாவாசைக்கு அமாவாசை சித்தப்பாவுக்குப் படையல் வைப்போம். காக்கா வந்து அந்தச் சோற்றை எடுத்த பிறகுதான் சித்தி சாப்பிடுவாள். காக்கா வராத நாளில் பச்சைத் தண்ணீர்தான். சோற்றில் ஒரு கறிவேப்பிலை இருக்கக்கூடாது, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுவாள். சித்தப்பாவுக்குக் கறிவேப்பிலை ஆகாது. உயிரோடு இருந்தபோது அதைத் தட்டின் விளிம்பில் சுற்றிவர அடுக்கி வைத்துவிட்டுத்தான் கை கழுவுவார். "இன்னா கொழுந்தனாரே, வேலி போட்டாச்சா?" என்று அம்மா கிண்டல் செய்வாள். காக்கா கறிவேப்பிலையைப் பற்றி என்ன கண்டது என்று எனக்குத் தோன்றும். கேட்டால் முதுகில் விழும் என்பதால் கேட்டதில்லை.

மின்வெட்டால் மில்லுக்குக் கரண்ட் லீவு விட்ட ஒருநாள், எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து வேன் பிடித்துப் பூந்தமல்லிப் பக்கம் இருந்த ஒரு தீம் பார்க்குக்குப் போவது என்று முடிவானது. முன்பணம் கொடுத்த பிறகுதான் அம்மா காலண்டரைப் பார்த்தாள். அன்றைக்கு அமாவாசை. சித்தி வரமாட்டேன் என்றாள். "ஊட்ல தனியா உக்காந்துகினு இன்னா பண்ணப்போற? காக்கா அங்கயும் இருக்கும், வா" என்று நைனா வலுக்கட்டாயமாக வேனில் ஏற்றினார்.

வாசலிலேயே முதல் சண்டை. வெளிச்சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். அம்மா விடியுமுன் எழுந்து கிளறிய புளிச்சோற்றுத் தூக்கு வேனுக்கே திரும்பிப் போனது. டிக்கெட் கொடுக்கிற ஆள், சாப்பாட்டுக் கூப்பனையும் இங்கேயே வாங்கிக்கொண்டால் மலிவு, வேண்டிய மட்டும் சாப்பிடலாம், உள்ளே கடைகளில் விலை அதிகம் என்றார். ஆனால் மூன்று மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் பணம் திரும்ப வராது.

அம்மாவுக்கு அது ஏமாற்று வேலை. "இந்தப் பொண்ணு தண்ணியக் குடிச்சே வயித்த ரொப்பிக்கும். உங்க தம்பி பொண்டாட்டி காக்கா எடுக்காம வாயில வெக்க மாட்டா. மூணு மணி வரைக்கும் காக்கா வரலன்னா கூப்பன நாக்குல வெச்சிக்கினு ஊட்டுக்குப் போலாமா?"

"தண்ணில ஆடுனா பேய்ப் பசி பசிக்கும். கடை கடையா நின்னு வாங்கித் தருவியா நீ?" என்றார் நைனா.

சித்தி மெதுவாக, "எனக்கு வேணாம் மாமா, பாப்பாவுக்கு மட்டும் வாங்குங்க" என்றாள். அதுதான் நைனாவைச் சீண்டிவிட்டது. ஜன்னலுக்குள் கையை விட்டு, "அஞ்சு கூப்பன் குடுப்பா" என்றார்.

அந்த ஆள் எங்களை எட்டிப் பார்த்து, "நாலு பேருதான சார்?" என்றார்.

"ஒருத்தர் பின்னாடி வராரு."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு கரடி நின்றது.

பயப்படாதீர்கள், கரடி வேஷம்தான். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றுவிட்டது. முன்னால் நின்ற பையன் அதன் வயிற்றில் குத்தினான், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூப்பன் என்பது மணிக்கட்டில் ஒட்டுகிற மஞ்சள் பட்டை. ஆளுக்கு ஒன்று ஒட்டினார்கள். ஐந்தாவதைச் சித்தி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்று காலை முழுக்க அந்தக் கரடி எங்களை விடவில்லை. அலைக் குளத்தில் நான் இறங்கினால் கரையில் நின்றது. ராட்டினத்தில் ஏறினால் கீழே நின்றது. கிட்டே வராது, கையசைக்காது. முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பு மட்டும் எங்கள் பக்கமே பார்த்தபடி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். "அதுக்கு அதான் வேல, நீ ஆடு" என்றாள். பேய் வீட்டுக்குள் கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாவது சண்டை. தட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று மேற்பார்வையாளர் மறித்தார். அஞ்சாவது கூப்பன் இருக்கிறதே, அவருக்குத்தான் எடுத்துப் போகிறேன் என்றார் நைனா.

"அப்ப அவர வரச் சொல்லுங்க சார்."

"அவரால வர முடியாது."

அந்த மனிதர் சித்தியின் நெற்றியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பின்பக்கம் கைகழுவுற எடத்துகிட்ட செவுரு இருக்குது, அங்க வெச்சிக்குங்க. ஆனா காக்கா வராது, இப்பவே சொல்ட்டேன்" என்றார்.

ஏன் என்று பின்பக்கம் போனதும் தெரிந்தது. சாப்பிடுகிறவர்களுக்குத் தொல்லையாக இருக்கிறதென்று, கறுப்புத் துணியில் காக்கா செய்து செத்ததுபோல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சித்தி அதைப் பார்த்துவிட்டு, தட்டில் இருந்த எலுமிச்சைச் சோற்றிலிருந்து கறிவேப்பிலையைப் பொறுக்கத் தொடங்கினாள். "நேரமாவுது, அப்டியே வை" என்று நைனா அதட்டினார். தட்டைச் சுவர்மேல் வைத்து, மஞ்சள் பட்டையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

நைனா "கா... கா..." என்று கூப்பிட்டார். நீச்சல் உடையோடு போன இரண்டு பையன்கள் சிரித்தார்கள். ஒரு காக்காவும் இல்லை. அங்கிருந்த மரங்களில் எந்தச் சத்தமுமே இல்லை. கூடத்தை மூடிவிடப் போகிறார்கள் என்று நைனாவும் அம்மாவும் உள்ளே ஓடினார்கள். சித்தி முகம் கழுவப் போனாள். அழுதிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பூனை வந்துவிடாமல் தட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து கரடி வந்தது.

நான் கத்த வாயைத் திறந்தேன். அது வாய்மேல் கையை வைத்துக் காட்டியது. பிறகு வலது கை உறையைக் கழற்றியது. உள்ளே மனிதக் கை, வியர்வையில் ஊறி வெளுத்திருந்தது. சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் தூக்கி இடுக்கு வழியே கையை உள்ளே விட்டு விட்டுச் சாப்பிட்டது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டது. முகம் எனக்குத் தெரியவில்லை. மெல்லுகிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும்தான் கேட்டன. மேலே அந்தப் பெரிய தலை சிரித்துக்கொண்டே இருந்தது. முடித்ததும் என் தலையில் ஒருமுறை கையை வைத்தது. மஞ்சள் பட்டையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டது.

போச்சு, காக்கா சோற்றைக் கரடி தின்றுவிட்டது. சொன்னால் சித்தி இன்றைக்கும் பட்டினி. அந்த வயதில் எனக்கு இருந்த புத்திக்கு ஒரே வழிதான் தெரிந்தது. சித்தி வந்ததும், "காக்கா சாப்ட்டுச்சு சித்தி" என்றேன்.

அவள் காலித் தட்டைக் கையில் எடுத்தாள். அதன் விளிம்பில் கறிவேப்பிலைகள் ஒன்றையடுத்து ஒன்றாகச் சுற்றிவர அடுக்கியிருந்தன. சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டு சுவரில் இடித்தது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"பெரிய காக்காவா?" என்றாள்.

"ஆமா."

"நல்லா சாப்ட்டுச்சா?"

"எல்லாத்தையும் சாப்ட்டுச்சு."

"எளச்சுப் போயிருந்துச்சா கண்ணு?"

நான் கரடியின் வயிற்றை நினைத்துப் பார்த்து, "இல்ல, குண்டா இருந்துச்சு" என்றேன். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்படியே அழுதாள். பிறகு உள்ளே போய், வைக்க வைக்கச் சாப்பிட்டாள். அம்மாவே பயந்து, "மெதுவாடீ, விக்கிக்கப் போவுது" என்றாள். நைனா மட்டும் அவள் மேசைக்குக் கொண்டுவந்திருந்த அந்தக் காலித் தட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வெளியே போகிறவர்களுக்குக் கரடி வாசலில் கை கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் மணிக்கட்டில் மயிருக்குமேல் மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தது. திருட்டுக் கரடி! "சித்தி, அது நம்ம..." என்று ஆரம்பித்தேன். சித்தி என் கையை இறுக்கிவிட்டுப் போய் அதன் முன்னால் கையை நீட்டினாள். கரடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. விடவில்லை. வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள் சித்தி.

அந்தப் பெரிய தலை மேலும் கீழும் ஆடியது. உள்ளிருந்து விம்முவதுபோல் ஒரு சத்தம் வந்தது. சிரித்த முகத்துக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததும் நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். நைனா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தவர் கவரைப்பேட்டை வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த அமாவாசைக்கு அம்மா படையல் வைத்துக் காக்காவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சித்தி அதற்குள் தட்டுப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அம்மா பதறிப்போய், "இன்னாடீ இது, காக்கா இன்னும் எடுக்கலயே" என்றாள்.

"அது சாப்ட்டிருக்கும்க்கா" என்றாள் சித்தி.

நைனா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மாடிப்படியில் ஏறி நின்று ஸ்டேஷன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் கரடி வரும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டும், எங்கள் வீட்டுக்கு அதற்கு வழி தெரியாதே என்பதுதான் என் கவலை.