கிளிக்கு வாங்கிய கொய்யா

"எங்க வீட்டுக் கிளி எதையுமே திங்க மாட்டேங்குது" என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் வாயைத் திறப்பதில்லை. தின்ன வைக்கும் வழி எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டதால் நான் பட்டது போதும்.

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி உறையூருக்கு வந்தேன். பிறந்த வீடு ஸ்ரீரங்கம். நடுவில் காவேரி, டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனாலும் முதல் வருஷத்தில் இரண்டு தடவைதான் அனுப்பினார்கள்.

மாமனார் ஒரு கிளி வளர்த்தார். அவர் பெற்ற பிள்ளையிடம் பேசியதைவிட அதனிடம் பேசியது அதிகம். கூண்டு சமையல்கட்டுக்குப் பின்னால் தொங்கியது. நான் சாப்பிடுகிற இடமும் அதுதான். ஆண்கள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, பாத்திரத்தை எல்லாம் ஒழித்துப் போட்ட பிறகு மிச்சம் இருப்பது எனக்கு. மிச்சம் என்றால் அடிச்சோறு, ஊறுகாய். கிளி கம்பியைக் கவ்விக்கொண்டு என் கையையே பார்க்கும், கத்தும். வாயை அடைப்பதற்காக ஒரு உருண்டை கொடுப்பேன்.

மாமனார் அதற்குக் கொய்யா வைத்தார், பச்சை மிளகாய் வைத்தார். கொல்லை வேலியில் பழுத்த கோவைப்பழத்தைப் பறித்து வைத்தார். அதைக்கூடக் கிண்ணத்தோடு கவிழ்த்தது. சோறு ஒன்றுதான் வேண்டும். ஆறு மாதத்தில் கழுத்து இறகெல்லாம் கொட்டித் தோல் தெரிந்தது. மாமனார் துணி சுற்றிய கூண்டோடு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டர் சொன்னதை வந்து மாமியாரிடம் சொன்னார்.

"உப்புச் சோறு ஆவாதாம். பழம், கீரை, கடலைன்னு மாத்தி மாத்திக் குடுக்கணுமாம். சும்மா வச்சுட்டுப் போனா திங்காதாம். எதிர்ல உக்காந்து யாராவது தின்னு காட்டணுமாம்."

"சோறு போட்டுக் கெடுத்தது யாரு, கேளுங்க" என்றார் மாமியார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

மாமனார் கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு மூன்று நாள் கொய்யா தின்றார். கிளி முதுகைத் திருப்பிக்கொண்டது. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நீ தின்னு பாரும்மா. நீ திங்கறதத்தான் அது பாக்கும்."

அந்த வீட்டில் ஒருவர் என்னைத் தின்னச் சொன்னது அதுதான் முதல் தடவை. கடித்தேன். கிளி கழுத்தை நீட்டியது. கடித்த துண்டைக் கொடுத்தேன். விதையைக் கொத்தியது, பிறகு சதையையும் தின்றது.

அதன்பின் ஒரு வழி பிடிபட்டது. உப்பில்லாத சோற்றில் பழத்தைப் பிசைந்து, தினம் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வந்தேன். மாதுளை, ஊறவைத்த கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாகப் பழக்கினேன். ஒவ்வொன்றையும் முதலில் நான் தின்ன வேண்டும். பச்சைக் கீரையை மாடு மாதிரி மென்று காட்டினேன். அப்போது எனக்கு மூன்றாம் மாதம். எந்நேரமும் பசி.

"கிளிக்கு வாங்கறதுல பாதி இவ வயித்துக்குத்தான் போவுது" என்பார் மாமியார்.

"போனா போவட்டும். கிளி திங்குதுல்ல" என்பார் மாமனார்.

இரண்டு மாதத்தில் இறகு முளைத்தது. கிளி கிண்ணத்தில் வைத்ததைத் தானாகவே தின்னத் தொடங்கியது. அன்றைக்கே மாமியார் பழத்தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அதான் அதுவே திங்குதே. இனிமே நீ கஷ்டப்பட வேணாம்."

எனக்கு ஐந்தாம் மாதம். மறுபடி அடிச்சோறு. புருஷனிடம் சொன்னேன். "அம்மாகிட்ட கேளு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதன்பின் நான் செய்தது திருட்டுத்தனம். காலையில் கிண்ணத்தில் வைப்பதை யாரும் பார்ப்பதற்கு முன் எடுத்துக் கூண்டுக்கு அடியில் இறைத்துவிட்டேன். அதை நான் தின்னவில்லை. தின்றால் கிண்ணம் காலியாகும், கிளிதான் தின்றது என்று நினைத்துவிடுவார்கள். கீழே இறைந்து கிடந்தால் கிளி வேண்டாமென்று கவிழ்த்தது என்பார்கள். மத்தியானம்வரை கிளி பட்டினி. நான் வந்து என் சோற்றில் ஒரு உருண்டையைக் கையால் கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு. இரண்டு வாரத்தில் கிண்ணத்தைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டது. மாமனார் பயந்துபோய்ப் பழத்தட்டை மறுபடி என் கையில் கொடுத்தார். வாயில்லாத ஜீவனைப் பட்டினி போட்டேன். அதற்கு நியாயம் சொல்ல மாட்டேன். வயிற்றில் ஒரு பிள்ளை, அவ்வளவுதான்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அம்மா வளையலும் ஐந்து வகைச் சாதமும் எடுத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் முடிந்து, என் துணிமணியை நான் மூட்டை கட்டி வைத்திருந்தேன்.

"பிரசவம் இங்கயே ஆவட்டும் சம்பந்தி" என்றார் மாமியார். "இவ போயிட்டா கிளி பட்டினியா கெடந்து செத்துடும். அது செத்தா இவரு தாங்க மாட்டாரு."

அம்மா அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மொத பிரசவம் சம்பந்தி. தாய் வீட்டுக்கு அனுப்பறதுதானே வழக்கம்?"

"ஆத்துக்கு அந்தாண்டதான ஒங்க வீடு. தோணும்போது வந்து பாத்துட்டுப் போங்க."

புருஷன் விரித்திருந்த பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அம்மா என் பக்கம் திரும்பினாள். "கிளிக்காகவாடி?" என்று கேட்டாள்.

கிண்ணத்தில் வைத்து நான்கு நாள் விட்டால் அதுவே தின்னும், கெடுத்தது நான்தான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே அம்மாவோடு பஸ் ஏறியிருப்பேன். பழத்துக்காகக் கிளியைப் பட்டினி போட்டவள் என்ற பேரும் கூடவே ஏறியிருக்கும். அதை அம்மா காதில் விழ விடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்குப் பிடிக்கும் என்று ஒரு பை நிறையக் கொய்யா கொண்டுவந்திருந்தாள். மாமியார் அந்தப் பையைத் தூக்கிப்போய்க் கூண்டுக்கு அடியில் வைத்தார். நேரமாகிவிட்டது என்று கிளி கத்த ஆரம்பித்தது. போய் எதிரில் உட்கார்ந்து ஒரு பழத்தைக் கடித்தேன்.