மேடைக்கு வெளியே நின்ற சக்கரங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறார். எல்லாச் சக்கரமும் மேடைமேல் இருக்கிறதா என்று லாரியைச் சுற்றிவந்து பார்க்காமல் பொத்தானைத் தொடமாட்டார். ஒரு சக்கரம் வெளியே நின்றாலும் எடை குறைந்துவிடும். அந்தத் தில்லுமுல்லு மாமாவிடம் பலிக்காது.

ஹாரன் சத்தமும் புழுதியும் போதும் போதும் என்றாகி, முன்கூட்டியே ஓய்வு வாங்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பாவம், மனிதர் ஆசைப்பட்டது மதியத் தூக்கத்துக்குத்தான். ஆனால் ஓய்வூதியம் பாதிச் சம்பளம்தான் வரும்.

"அது போதும்னு ஒரு மாசம் வாழ்ந்து காட்டுங்க. அப்புறம் கடுதாசி குடுங்க" என்றாள் அக்கா.

"மனுஷனுக்கு அப்படி என்ன பெருசா வேணும்?" என்று மாமா களத்தில் இறங்கினார்.

பஸ்ஸை விட்டார், என் ஸ்கூட்டரின் பின்சீட்டைப் பிடித்தார். பத்திரிகையை நிறுத்திவிட்டு சலூனில் போய்ப் படித்தார். அவர் தலையில் வெட்ட ஒன்றும் இல்லாததால் கடைக்காரரும் ஒன்றும் கேட்க முடியவில்லை. மாலைக் காபி மாடியில், என் வீட்டில். இரண்டாவது டம்ளரில் என் மனைவி வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தாள். "உடம்புக்கு நல்லதும்மா" என்று அதையும் குடித்தார். சட்டை தேய்க்கக் கொடுப்பதை நிறுத்தினார், சட்டை கசங்கவில்லை. பாத்திரம் தேய்க்க வருபவளை நிறுத்தினார். பாத்திரம் பளபளவென்றே இருந்தது. அது எப்படி என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று மாதம் ஓடியது.

மாதக் கடைசியில் எங்களையும் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தார். கடிதம் சட்டைப் பையில் தயார்.

"பாதிகூட வேணாம். மூணுல ஒரு பங்கு போதும்." வாயெல்லாம் பல்.

அக்கா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, சக்கரம் மேடைக்கு வெளிய நின்னா என்ன ஆகும்?"

"எடை குறைச்சுக் காட்டும். எத்தனை பேரப் புடிச்சிருக்கேன்."

"உங்க சக்கரம் ஒண்ணு மாடியில நிக்குது. ஒண்ணு சலூன்ல. மிச்சம் ரெண்டும் என் முழங்கால் மேல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் வீங்கிய காலைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மாமா பையிலிருந்த கடிதத்தை இன்னும் உள்ளே தள்ளினார். பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை பாத்திரம் தேய்ப்பவளை அவரே போய் அழைத்து வந்தார். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அக்காவிடம் கேட்டார்:

"உனக்கு எவ்வளவு வேணும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இதை யாரும் கேட்டதில்லை. உடன்பிறந்த நானும்தான். அக்கா டிபன் டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்."

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். மாமா தினமும் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.